ஸ்கேன் மாறியதால் சிதறிய எல்இடி திரை: என் அனுபவம்

கல்யாண மண்டப வாசலில் நான் பராமரிக்கும் பி10 (புள்ளிக்குப் புள்ளி 10 மி.மீ. இடைவெளி) கலர் திரையில் மழைத் தண்ணீர் இறங்கி நான்கு மாட்யூல் (பல சேர்ந்து திரையாகும் எல்இடி பலகை) போய்விட்டது. அதே 32×16 புள்ளி அளவில் புதிது வாங்கி மாட்டினேன். புது மாட்யூல்களில் மட்டும் மணமக்கள் பெயர் வரி வரியாகக் கிழிந்து, இடம் மாறித் தெரிந்தது. கேபிள், பவர் சப்ளை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க வீண்.

அப்புறம்தான் பழையதையும் புதியதையும் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் எல்இடிகளுக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தும் சிப், அதாவது டிரைவர் ஐசி, 24; புதியதில் 12தான். விஷயம் பிடிபட்டது. பழையது 1/4 ஸ்கேன்: 16 வரிசையில் ஒரு நேரத்தில் நான்கு எரியும். புதியது 1/8: இரண்டுதான் எரியும். மாறி மாறி வேகமாக எரிவதால் நம் கண்ணுக்கு முழுப் படமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடுவதால், அதே கரண்டில் வெளிச்சமும் பாதிதான். உள்ளரங்கத்துக்கு 1/8 தாராளமாகப் போதும். மதிய வெயிலில் நிற்கும் திரைக்கு 1/4தான் வாங்க வேண்டும்.

மாட்யூல்களுக்குப் படத்தை அனுப்பும் ரிசீவிங் கார்டின் செட்டிங்கை 1/8க்கு மாற்றினேன். புதியது சரியானது, பழையது எல்லாம் சிதறியது. சரி, இரண்டையும் ஒரே கார்டில் ஓட்ட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்டில் ‘4எஸ்’ (1/4 ஸ்கேன்) என்று அச்சிட்ட, அதே டிரைவர் ஐசி உள்ள மாட்யூல்களைத் தேடி வாங்கினேன். பழைய செட்டிங்கை ஏற்றியதும் பெயர் நேராக வந்து நின்றது.