எஃப்2 கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரைகள் எவ்வளவு வேகமாகக் கரைகின்றன என்று சோதிக்கும், கஞ்சிக்கோட்டில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம், இரண்டு மருந்துகள் ஒரே மாதிரி கரைகின்றனவா என்று சொல்லும் எஃப்2 எண்ணின் கணக்குத் தாளை நீட்டி, “அக்கா, எஃப்2 50.3 வந்துவிட்டது, தப்பித்தோம்” என்றாள். தாளைப் பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. நானும் ஒரு காலத்தில் அதே போல் தப்பித்தவள்.

கலக்கும் துடுப்பான பேடிலின் வேகம் பிசகுவது, மாத்திரை கரையும் திரவமான மீடியத்தில் காற்றுக் குமிழ் தங்குவது, ஃபில்டர் மருந்தை உறிஞ்சிக்கொள்வது எல்லாம் செயல்முறைக் கோப்பிலேயே இருக்கின்றன. சோதனை ஒழுங்காக முடிந்த பிறகு, மேசையில் உட்கார்ந்து செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தட்டையான பகுதியையும் கணக்கில் சேர்ப்பது

எஃப்2 என்பது 1996-இல் மூர், ஃப்ளானர் இருவரும் முன்வைத்த ஒப்புமைக் காரணி. ஒவ்வொரு நேரத்திலும் மூல மருந்துக்கும் (முதலில் சந்தைக்கு வந்த மருந்து) ஜெனரிக் மருந்துக்கும் (அதற்கு இணையாக மற்ற நிறுவனம் செய்வது) உள்ள கரைதல் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, நேரப்புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு மடக்கை எடுக்கிறோம். வித்தியாசமே இல்லையென்றால் 100. எல்லாப் புள்ளிகளிலும் 10 சதவீதம் விலகியிருந்தால் ஏறத்தாழ 50. அந்த 50 தான் எல்லைக்கோடு; அதற்குக் கீழே போனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். திருட்டு நடப்பது வகுக்கும் எண்ணில்: வித்தியாசமில்லாத புள்ளிகளைச் சேர்த்தால் அந்த எண் பெருகி, எஃப்2 உயர்ந்துவிடும்.

அவள் தாளில் இருந்தது இது. 10, 15, 20, 30, 45, 60 நிமிடங்களில் மூல மருந்து 38, 56, 71, 90, 96, 98 சதவீதம் கரைந்திருந்தது. எங்கள் மாத்திரை 24, 42, 58, 86, 95, 98. முதல் மூன்று புள்ளிகளில் வித்தியாசம் 14, 14, 13. கடைசி இரண்டில் 1, 0. ஆறையும் சேர்த்தால் 50.3. 30 நிமிடத்தோடு நிறுத்தினால் 46.

45, 60 நிமிடங்களில் இரண்டு மருந்தும் கரைந்து முடிந்துவிட்டன. அங்கே ஒப்பிட என்ன இருக்கிறது? காலையில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பஸ் ஏழு மணிக்கும் இன்னொன்று எட்டு மணிக்கும் கிளம்பினாலும், இரவு பத்து மணிக்குப் பாலக்காடு ஸ்டாண்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். அதைப் பார்த்து இரண்டும் சேர்ந்து வந்தன என்று எழுதிக் கொடுப்பீர்களா?

இதைத் தடுக்கத்தான் விதி இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு மருந்தும் 85 சதவீதத்தைத் தாண்டிய பிறகு ஒரே ஒரு புள்ளியைத்தான் சேர்க்கலாம். ஐரோப்பிய விதி இன்னும் இறுக்கம்: இரண்டில் எந்த மருந்துக்குமே 85-ஐத் தாண்டிய புள்ளி ஒன்றுக்கு மேல் கூடாது. எந்த நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று பார்க்காமல் கணக்கைத் தொடாதீர்கள்.

என் கதை இதைவிட மோசம். குறைந்த அளவு மாத்திரை ஒன்றுக்கு, ஆட்களை வைத்துச் செய்யும் ரத்தப் பரிசோதனையிலிருந்து விலக்குக் கேட்டிருந்தோம். நான் 120 நிமிடம் வரை எட்டுப் புள்ளிகளைப் போட்டு 53 என்று எழுதிவிட்டேன். பல மாதம் கழித்து, அனுமதி தரும் அமைப்பிடமிருந்து ஒரே வரியில் கேள்வி வந்தது: 85 சதவீதத்துக்குப் பிறகான புள்ளிகளைச் சேர்த்தது ஏன்? பதிலே இல்லை. மாத்திரைத் தூளைப் பிணைக்கும் பைண்டரின் அளவைக் குறைத்து, புதிய பேட்ச் போட்டு, பிஎச் 1.2, 4.5, 6.8 என்று மூன்று மீடியத்திலும் மறுபடி சோதனை. நிலைப்புத்தன்மை ஆய்வும் முதலிலிருந்து. வரைபடத்திலேயே இடைவெளி தெரிந்திருக்கும். நான்தான் கோட்டைத் தடிமனாகப் போட்டு, புள்ளிகளைப் பெரிதாக வைத்து மறைத்திருந்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை. அழகாக இருக்கட்டும் என்று செய்தேன்.

பூஜ்ஜிய நிமிடம்

சேர்க்காதீர்கள். அதுவும் வித்தியாசமில்லாத இலவசப் புள்ளிதான்.

சராசரிக்குப் பின்னால் ஒளிவது

சோதனைக்கு ஒவ்வொரு மருந்திலும் 12 மாத்திரைகள். எஃப்2 பார்ப்பது அவற்றின் சராசரியை மட்டுமே. தொடக்கப் புள்ளிகளில் மாத்திரைக்கு மாத்திரை உள்ள சிதறல் 20 சதவீதத்துக்குள்ளும் பிறகு 10 சதவீதத்துக்குள்ளும் இருந்தால்தான் அந்தச் சராசரியை நம்பலாம். ஒருமுறை எங்களுக்கு இரண்டு வெசல்கள் (மாத்திரை கரையும் கலங்கள்) மட்டும் பின்தங்கின. டார்ச் அடித்துப் பார்த்தால், பேடிலுக்கு நேர் கீழே மருந்துத் தூள் சிறு கூம்பாகக் குவிந்து அசையாமல் கிடந்தது. இப்படிச் சிதறினால் பூட்ஸ்டிராப் முறைக்குப் போக வேண்டும்: 12 மாத்திரைகளிலிருந்து திரும்பத் திரும்ப ஆயிரக்கணக்கான முறை குலுக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் எஃப்2 கணக்கிட்டு, கிடைக்கும் 90 சதவீத நம்பக இடைவெளியின் கீழ் எல்லை 50-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பது. இதற்கு ஒவ்வொரு மாத்திரையின் எண்ணும் வேண்டும். சிலர் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

ஒவ்வொரு நேரத்துக்கும் டி-டெஸ்ட்

வேண்டாம். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் இந்தப் புள்ளியியல் சோதனையை ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாகப் போட்டாலும், ஒரே வெசலில் அடுத்தடுத்து எடுத்த அளவுகள் தனித்தனி சாட்சிகள் அல்ல.

15 நிமிடத்திலேயே கரைந்துவிட்டால்

இரண்டும் 15 நிமிடத்தில் 85 சதவீதம் கரைந்தால் எஃப்2 தேவையே இல்லை. கேட்காத கணக்கைப் போட்டு 47 வாங்கிக்கொண்டு அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் இரண்டு வரிசைகளை அழித்தாள். திரையில் 46 வந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மாத்திரைக் கடினத்தன்மைப் பதிவேட்டை எடுத்து வரப் போனாள்.