கீழ்முதுகு வலி: புதிய பிசியோக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபிஸ்டுகளின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, ஆரம்ப காலத்தில் நான் செய்த தவறுகளே கண்முன் திரும்ப நடக்கின்றன. கை வைக்கும் இடம் பிசகுவது, எண்ணிக்கையை மறப்பது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்கேனுக்கு வைத்தியம் பார்ப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். வந்தவர் உட்காரும் முன்பே எம்ஆர்ஐ கவரைப் பிரித்து, "டிஸ்க் பிதுங்கியிருக்கு, இனிமே குனியவே கூடாது" என்று சொல்லிவிடுகிறார்கள். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் பகுதி.

நானும் சொன்னவன்தான். முப்பதுகளில் இருந்த ஒரு பெண். அதிக நேரம் உட்கார்ந்தால் மட்டும் வலி, கால்களில் ஒரு தொந்தரவும் இல்லை. பிளாஸ்டிக் முதுகெலும்பை எடுத்து வைத்து, எது எங்கே பிதுங்கியிருக்கிறது என்று விளக்கினேன். மூன்று வாரத்தில் வலி குறைந்தது, வருவதை நிறுத்திவிட்டார். ஒரு வருடம் கழித்து இடுப்பில் பெல்ட்டோடு வந்தார். தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லையாம். "குழந்தையைத் தூக்கியே ஒரு வருஷமாச்சு" என்றார். குனியச் சொன்னேன், மூச்சைப் பிடித்துக்கொண்டார், கை முழங்காலைத் தாண்டவில்லை. கால் பலம், உணர்ச்சி, ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் தானாக அசைவது) எல்லாம் சரியாக இருந்தன. அவரைக் கட்டிப்போட்டிருந்தது நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம். மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்குக் கொண்டுவருவதில் தொடங்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடி குனிவது, காலிப் பெட்டியைத் தூக்குவது, அப்புறம் எடை என்று அந்தப் பயத்தை எடுக்க நான்கு மாதம் ஆனது.

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. 20 வயதில் 37 சதவீதம், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. பிதுக்கமும் 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு இருந்தது. வலி இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், ரிப்போர்ட்டில் உள்ள வரி மட்டுமே வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் கதையைக் கேளுங்கள், பிறகு உடலைப் பரிசோதியுங்கள், ஸ்கேனைக் கடைசியில் பிரியுங்கள். பரிசோதனையில் கண்ட பலவீனமும் படத்தில் உள்ள நரம்பு அழுத்தமும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அதற்கு எடை. வெளியே வந்த டிஸ்க் பகுதி நாளடைவில் சுருங்குவதும் சகஜம். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கூச்சப்பட்டு விடும் கேள்வி

சிறுநீர் போவதில் சிரமம், மலம் அடக்க முடியாமை, தொடைகளின் நடுவே மரத்துப்போதல், இரண்டு கால்களும் பலமிழத்தல். இவற்றைக் கட்டாயம் கேளுங்கள். புதிதாக வந்திருந்தால் உடற்பயிற்சி வேண்டாம்; அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

படுத்தே கிடக்கச் சொல்வது

வேண்டாம்.

மெஷினிலேயே நேரத்தைக் கழிப்பது

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் (தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்துவது), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைகளால் சிகிச்சை தருவது), டிராக்‌ஷன் (முதுகை இழுத்துப் பிடிப்பது), பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறிவிட்டது.

கால் வலி முதுகுக்கு ஏறினால் பயப்படுவது

பயிற்சியின்போது காலில் இருந்த வலி மேலேறி முதுகில் குவிந்தால், முதுகு சற்றுக் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி. முதுகு வலி பாதத்துக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை உடனே மாற்றுங்கள்.

பத்துப் பயிற்சி உள்ள தாளைக் கொடுத்து அனுப்புவது

இரண்டு போதும். கிளம்பும் முன் உங்கள் எதிரிலேயே ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள்.