காலாவதித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே முடிந்துவிடும் பாஸ்போர்ட்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நாம் முதலில் தேடுவது விமானக் கட்டணத்தைத்தான். பாஸ்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, காலாவதியாக இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன என்ற நினைவே போதுமானதாகத் தோன்றும். ஆனால் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற, நம்மவர்கள் அதிகமாகச் செல்லும் நாடுகள், அங்கே போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஆகவே, 10 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்ட பாஸ்போர்ட் இந்த நாடுகளைப் பொறுத்தவரை ஒன்பதரை ஆண்டுகளுக்குத்தான் பயன்படும்.

எங்கள் உறவினர் ஒருவர், மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் புறப்பட்டார். முந்தைய பயணத்தின்போது வாங்கிய, பலமுறை சென்றுவரும் விசா இன்னும் முடியவில்லை என்பதால், பாஸ்போர்ட்டின் தேதியை யாரும் பார்க்கவில்லை. பிரசவ லேகியமும் பருப்புப்பொடியும் கட்டிய பெட்டி எடைமேடையில் ஏறிய பிறகு, கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒன்பது நாள் குறைகிறது என்றார். அந்தப் பெட்டி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. விசா உயிரோடு இருந்தாலும் பாஸ்போர்ட்டின் ஆயுள் போதவில்லையென்றால் பயணம் இல்லை என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். விமான நிறுவனத்தையும் இதில் குறை சொல்வதற்கில்லை. தகுதியற்ற ஆவணத்தோடு ஒருவரை ஏற்றிச் சென்றால், அபராதம் கட்டுவதும் அவரைத் திரும்ப அழைத்து வருவதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும் என்பதால், இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் 14.03.2027 அன்று முடிகிறது, நீங்கள் 20.09.2026 அன்று கோலாலம்பூரில் இறங்குகிறீர்கள். இறங்கும் நாளோடு ஆறு மாதம் கூட்டினால் 20.03.2027 வருகிறது. ஆறு நாள் குறைவதால் இந்தப் பாஸ்போர்ட் பயன்படாது. ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் கணக்கு வேறு. அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். விசா ஒட்ட இரண்டு பக்கங்களாவது வெற்றாக இருக்க வேண்டும். பிரிட்டனுக்குத் தங்கும் காலம் முழுவதும் செல்லுபடியானால் போதும். நேபாளத்துக்கும் பூடானுக்கும் இந்தியர்கள் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டே செல்லலாம். இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குடும்பத்தோடு செல்பவர்கள் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐந்தாண்டுகள் அல்லது 18 வயது நிறையும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் பாஸ்போர்ட் வழங்கப்படுகிறது. 15 வயதைக் கடந்தவர்கள் விரும்பினால் பத்தாண்டுப் பாஸ்போர்ட் கேட்கலாம். தாய் தந்தையர் பாஸ்போர்ட்டில் ஏழாண்டுகள் மிச்சமிருக்க, கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த பிள்ளையின் பாஸ்போர்ட் முடிந்துபோயிருப்பதை விசா விண்ணப்பத்தின்போதுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

புதுப்பித்தல் என்று நாம் சொன்னாலும், பழைய புத்தகத்தில் தேதியை நீட்டித்துத் தருவதில்லை. புதிய எண்ணுடன் புதிய புத்தகமே தருகிறார்கள். விண்ணப்பத்தில் இதற்கு மறுவழங்கல் என்று பெயர். எண் மாறிவிடுவதால், முதலில் பாஸ்போர்ட், அடுத்து விசா, அதன் பிறகு டிக்கெட் என்ற வரிசையில் செல்வதே பாதுகாப்பானது. காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஒன்பது ஆண்டுகள் முடிந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, மறுவழங்கலைத் தேர்ந்தெடுத்து, விவரங்களை நிரப்பிக் கட்டணம் செலுத்தினால், நேரம் முன்பதிவு செய்யலாம். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் உள்ளன. முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்குரிய ‘ஜிஓவி டாட் இன்’ இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு ரூ.1,500, 60 பக்கத்துக்கு ரூ.2,000, சிறார்களுக்கு ரூ.1,000. தட்கலில் இதற்கு மேல் ரூ.2,000 கூடும். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களின் கீழ் சேவா மையங்கள் இயங்குகின்றன. பல ஊர்களில் தபால் நிலையங்களிலேயே இந்த வசதி உண்டு.

மையத்துக்குச் செல்லும்போது அசல் பாஸ்போர்ட்டும், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின், நீங்கள் கையெழுத்திட்ட ஜெராக்ஸ் நகலும் வேண்டும். முகவரி மாறியிருந்தால் அதற்கான சான்று வேண்டும். முதல் கவுண்டரில் ஆவணங்களைப் பார்த்துப் புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். அடுத்த இரண்டில் அரசு அதிகாரிகள் சரிபார்த்து ஒப்புதல் தருவார்கள். வீடு மாறியிருந்தும் பழைய முகவரியையே எழுதிவிடுவது வேண்டாம். காவல்துறை விசாரணைக்கு வரும்போது நீங்கள் அங்கே இல்லையென்றால் பாதகமான அறிக்கை போய், விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும்.

நம் ஊரில் மிகுதியாகச் சிக்கல் தருவது இனிஷியல். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் ‘க. முருகன்’ என்றிருப்பதைப் பாஸ்போர்ட் ஏற்பதில்லை. தந்தை பெயரை விரித்து எழுத வேண்டும். அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுவதா, தன் பெயரோடு சேர்த்து எழுதுவதா என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விசாவோ வெளிநாட்டு வேலை ஒப்பந்தமோ இருந்தால், பழைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து வைத்துக்கொள்வதே நல்லது. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குச் செல்பவர்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருந்தால், வேலைக்கு வெளிநாடு செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்று குறிக்கும் இ.சி.ஆர். முத்திரை விழாமலிருக்கச் சான்றிதழை மறக்காமல் கொண்டு செல்ல வேண்டும்.

புதிய புத்தகம் ஸ்பீடு போஸ்டில் வந்ததும் பெயர், பிறந்த தேதி முதலிய விவரங்களை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். மூலை வெட்டித் திருப்பித் தந்த பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் அமெரிக்க விசா இன்னும் செல்லுபடியாக இருந்தால், பழையது, புதியது இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அதே விசாவில் பயணம் செய்யலாம். டிக்கெட் முன்பே எடுத்திருந்தால், புதிய எண்ணை விமான நிறுவனத்தின் பதிவில் மாற்றிய பிறகே பெட்டி கட்டுங்கள்.