நீச்சல் குள விபத்து: பொறுப்பு யாருக்கு என்பதில் நடக்கும் தவறுகள்

‘சொந்தப் பொறுப்பில் நீந்தவும்’ என்று பலகை வைத்துவிட்டால் போதும் என்று குளம் நடத்துபவர்கள் பலர் நம்புகிறார்கள். இதுதான் பெரிய தவறு. தொழில் நடத்துபவர் தம் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ பொறுப்பில்லை என்று அறிவிப்பு வைத்துத் தப்ப முடியாது என இங்கிலாந்தில் 1977லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பெரும்பாலும் கேட்கப்படுவது இதுதான்: ஆபத்து தெரிந்திருக்க வேண்டியதா, தடுக்க நியாயமான அளவு முயன்றார்களா? ஆழக் குறியீடு அழிந்திருப்பது, அடித்தளம் தெரியாதபடி தண்ணீர் கலங்கியிருப்பது, தண்ணீரைப் பம்புக்கு இழுக்கும் உறிஞ்சு துளையின் மூடி உடைந்திருப்பது எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். அந்த மூடி இல்லாவிட்டால் பம்பின் இழுவிசை தலைமுடியையோ உடலையோ பிடித்துக்கொள்ளும். பம்பை நிறுத்தாமல் ஆளை விடுவிப்பது மிகக் கடினம்.

‘கேட்காமல் உள்ளே வந்த குழந்தைதானே’ என்ற வாதத்தையும் நம்பியிருக்க வேண்டாம். குழந்தைகள் தண்ணீரைத் தேடி வருவார்கள் என்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று என்றே பல நீதிமன்றங்கள் கருதுகின்றன. சுமார் 1.2 மீட்டர் வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் பல இடங்களில் விதி. கதவை நாற்காலி வைத்துத் திறந்தே விட்டிருந்தால் வேலி இருந்தும் பயனில்லை.

விபத்து நடந்ததும் உடைந்ததை அவசரமாகச் சரிசெய்வதும் தவறு. ஆதாரத்தை அழித்ததாகத் தோன்றும். குளத்தை மூடுங்கள், படம் எடுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், பிறகு பழுது பாருங்கள்.

காயமடைந்தவர்கள் இழப்பது பெரும்பாலும் நேரத்தை. சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்து அதன்மேல் புதியது பதிவாகிவிடலாம். பதிவையும், குளோரின், பிஎச் அளவு எழுதும் ஏட்டையும், உயிர்காப்பாளர் பணி அட்டவணையையும் பாதுகாக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போனதன் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். தாமதித்தால் காயம் வேறெங்கோ ஏற்பட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

உரிமையாளரை மட்டும் குறிவைப்பதும் சரியல்ல. பராமரிப்பு ஒப்பந்ததாரர், உயிர்காப்பாளரை அனுப்பிய நிறுவனம், பம்பு பொருத்தியவர் ஆகியோருக்கும் பங்கு இருக்கலாம். உங்கள் பக்கக் கவனக்குறைவு இருந்தால் பல நாடுகளில் அந்த விகிதத்துக்கு இழப்பீடு குறையும். அதனால் வழக்கே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சிகிச்சை எங்கே முடியும் என்று தெரிவதற்குள் ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற தாளில், அதாவது இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் தாளில், கையெழுத்திட வேண்டாம். வழக்குத் தொடரும் காலவரம்பை மட்டும் முதல் வாரத்திலேயே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.