ஆற்றோர மைதானத்தில் முதல் கோல்ஃப்: பழைய கேடி சொல்லும் வழி

தம்பி, முதலில் பையின் கனத்தைக் குறை. விதிப்படி 14 கிளப், அதாவது பந்தடிக்கும் மட்டை, வரை கொண்டுபோகலாம். அதற்காக அத்தனையும் சுமக்க வேண்டியதில்லை. கேடியாக, அதாவது ஆடுகிறவர் பையைத் தூக்கிப் பிழைத்தவன் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையோரம் இருக்கிற சின்ன நகராட்சி மைதானத்துக்கு ஏழாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை மட்டை), ஒன்பதாம் நம்பர், பந்தை உயரத் தூக்கியடிக்க ஒரு சாண்ட் வெட்ஜ், குழிக்குள் தட்டிவிட ஒரு பட்டர் போதும். தூரமாக அடிக்கிற டிரைவர் மட்டை வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் ஆறு. தூரமாக அடிக்கிறவனுக்குத்தான் இங்கே வம்பு.

கிளம்புமுன் போன் போட்டுக் கேட்டுக்கொள். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. மழைக்குப் பிறகு பள்ளத்தில் சேறு சீக்கிரம் காயாது. கோடையில் காலையிலேயே ஆடி முடி. பிற்பகலில் இடி உறுமினால் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போ, மரத்தடியில் ஒதுங்காதே.

கிளப்பை எப்படிப் பிடிப்பது என்று ஆளுக்கொரு பாடம் எடுப்பார்கள். இந்த ஊர் கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம் வலக்கைக்காரர். ஆனால் இடக்கையைக் கீழே வைத்து, ஊரே தப்பு என்கிற மாதிரிப் பிடித்தார். கேடியாக இருந்த அந்த மனிதர் அதே பிடியோடு 1959-இல் டச்சு ஓப்பன் போட்டியை வென்றார், பிறகும் இரண்டு முறை வென்றார். 1963-இல் நேட்டால் ஓப்பன் ஜெயித்தபோது நிறவெறிச் சட்டம் அவரைக் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பை வாங்கினார். டர்பனின் ரிசர்வோயர் ஹில்ஸ் பகுதியில் இருக்கிற மைதானத்துக்கு அவர் பெயர்தான். ஆகவே பிடியைப் பற்றி யாராவது சிரித்தால், சிரிக்கட்டும்.

அடர்ந்து படர்கிற கிக்குயு புல்லில் பந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வீரம் காட்டாதே. சாண்ட் வெட்ஜை இறுக்கிப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் வெட்டின புல்லுக்குத் தள்ளு, அவ்வளவுதான்.

ஆறு மாதிரி இடங்களைச் சுற்றி நட்ட சிவப்புக் குச்சி எல்லைக்குள் பந்து போனால், ஒரு ஸ்ட்ரோக் தண்டம், அதாவது கணக்கில் ஒரு அடி கூடும். பந்து எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போடு. தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான். 2019-க்கு முன்பு 5 நிமிடம் தந்தார்கள்.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் உண்டு. கண்ணால் பார்த்திருந்தால் தண்டம் கிடையாது, பந்து கிடந்த இடத்திலேயே இன்னொன்றை வைத்து ஆடலாம். பார்க்காமல் எல்லாத் தொலைந்த பந்துக்கும் குரங்கின் மேல் பழி போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பந்தயம் கட்டாதே.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரையான க்ரீனில் எல்லாப் பந்தும் ஆற்றுப் பக்கமே திரும்பும் என்பார்கள். பாதிதான் உண்மை. புல்லைப் பார்: பளபளத்தால் புல் உன்னைவிட்டு அந்தப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும், கருத்துத் தெரிந்தால் புல் உன்னைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் பலமாகத் தட்டு. குழியில் நிற்கிற கொடியைப் பிடுங்காமலே பந்தைத் தட்டிப் பட் பண்ணலாம், இப்போது தண்டமில்லை.

கேடி வைத்துக்கொண்டால் கூலியை ஆடுமுன்பே பேசிவிடு. முடிந்ததும் கையில் காசாகக் கொடு.