கேம்பியன் பூவை அடையாளம் காண நிறம் மட்டும் போதாது, பிரித்துப் பாருங்கள்

கேம்பியன் பூக்கள் சைலீன் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை, கார்னேஷன் குடும்பத்திலேயே பெரிய பேரினம் அது. நூற்றுக்கணக்கான இனங்கள், அத்தனையையும் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றில்லை. இங்கிலாந்தில் மே கடைசி, ஜூன் வாக்கில் வேலியோரமாக நடந்தால் சிவப்பு கேம்பியன், வெள்ளை கேம்பியன், பிளாடர் கேம்பியன் மூன்றும் கண்ணில் படும். இந்த மூன்றும் பழகிவிட்டால் மற்றவற்றில் எங்கே பார்ப்பது என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் இது சைலீன்தானா என்று பாருங்கள். இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும், கணு லேசாகப் புடைத்திருக்கும், ஐந்து இதழ்களும் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். இதழ் பிளந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சிக்வீடு என்ற களைச்செடிக்கும் அப்படித்தான். சைலீனில் பூவின் அடியிலுள்ள பச்சைப் புல்லிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாக இருக்கும், சிக்வீடில் தனித்தனியாக இருக்கும்.

அந்தக் குழாய் பலூன் போல ஊதி, வழவழப்பாக, வலைப்பின்னல் நரம்போடு இருந்தால் பிளாடர் கேம்பியன். ரோமம் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. இங்கேதான் நிறம் ஏமாற்றும், ஏனென்றால் சிவப்பும் வெள்ளையும் தாராளமாகக் கலப்பினம் ஆகும், வெளிர் இளஞ்சிவப்பாகப் பார்த்தால் அநேகமாக அதுதான். சந்தேகமாக இருந்தால் காய் முற்றும்வரை பொறுங்கள். வெடித்த காயின் வாயில் இருக்கும் பத்துப் பற்களும் நன்றாகப் பின்னோக்கிச் சுருண்டிருந்தால் சிவப்பு, ஏறக்குறைய நிமிர்ந்து நின்றால் வெள்ளை. வெள்ளையைச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். அந்துப்பூச்சிகளுக்காக அப்போதுதான் நன்றாக விரிந்து மணக்கும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: சிவப்பு, வெள்ளை இரண்டிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரு பூவைப் பறித்து, குழாயை நகத்தால் நீளவாக்கில் கிழியுங்கள். உள்ளே பத்து மகரந்தக் கேசரங்கள் மட்டும் இருந்தால் ஆண். பச்சையாக உருண்ட சூலகமும் அதன் உச்சியில் ஐந்து வெள்ளை இழைகளும் இருந்தால் பெண். பழகிய கண்ணுக்குக் கிழிக்கவே வேண்டாம், ஆண் பூவின் குழாயில் 10 நரம்பு, பெண்ணில் 20, குழாயும் தடிமனாக இருக்கும்.

சில பூக்களில் மகரந்தத்துக்குப் பதிலாகக் கருஞ்சிவப்பு கலந்த பழுப்புத் தூள் அப்பியிருக்கும். அது ஒரு பூஞ்சை. பெண் செடியைத் தொற்றினால் அதிலும் கேசரங்களை வளரவைத்து, அவற்றைத் தன் வித்துகளால் நிரப்பிவிடும், சூலகம் வளராமல் நின்றுபோகும். அதனால் தூள் கறுத்திருந்தால் ஆண் என்று குறித்துவிடாதீர்கள், பூஞ்சை என்று தனியாகக் குறியுங்கள். பூச்சிகள்தான் வழக்கமாக இதைப் பரப்பும், நாமும் அந்த வேலையைச் செய்ய வேண்டாம், அடுத்த பூவைத் தொடுவதற்கு முன் விரலைத் துடைத்துக்கொள்ளுங்கள்.