மொத டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கப் போறியா தம்பி, இத பாத்துட்டுப் போ

புதுசா வாங்கியே ஆகணும்னு இல்ல தம்பி, நெறய பேரு உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிட்டதால செகண்ட்ஹேண்ட்ல நல்ல பாடி, அதான் லென்ஸ் இல்லாத கேமரா, கெடைக்குது. ஆனா ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் எத்தன கிளிக் ஓடிருக்குனு, கேக்காம காசு குடுக்காத. நிக்கான் டி3500 ஷட்டர 1 லட்சம் கிளிக்குக்கு டெஸ்ட் பண்ணிருக்காங்க, 80 ஆயிரம் ஓடினத நான் தொடமாட்டேன்.

மெகாபிக்சல விடு, லென்ஸுக்குக் காசு மிச்சம் வை. காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடி மீன் ஏலத்த ஃபோட்டோ எடுக்கணும்னா கேமராவோட வர்ற கிட் லென்ஸு திணறும், வெளிச்சத்த நெறய உள்ள விடுற 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் போட்டா அந்த பல்பு வெளிச்சத்துலயே மீன் செதிலு மின்னுறது கூட ஃபோட்டோல விழும், அவ்ளோ அழகா இருக்கும். ஒண்ணு மட்டும் கவனம், நிக்கான் டி3500, டி5600 பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கெடையாது, உள்ள மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ மாட்டினா கையால தான் ஃபோகஸ் திருப்பணும், அதனால லென்ஸுல ஏஎஃப்-எஸ்னு, அதாவது உள்ளயே மோட்டார் இருக்கிற ரகம்னு, போட்டிருக்கானு பாத்து வாங்கு. கேனான்ல இந்தத் தொல்ல இல்ல, அவங்களோட இஎஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்குள்ளயே மோட்டார் இருக்கு.

கடைல கைல புடிச்சுப் பாரு, கிரிப் ஒக்காரலனா வேணாம். அப்புறம் நம்ம ஏரியா ஈரக் காத்து லென்ஸுல பூஞ்ச புடிக்க வெச்சிரும், பழைய லென்ஸ்னா டார்ச் அடிச்சு உள்ள பாரு, வீட்டுக்கு வந்ததும் காத்து போகாத டப்பாவுல ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு வை.